மழை வருமுன் மண்ணைத் தயார் செய்வோம்



பாடநூலில் ‘வசந்த காலம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள்: “ஐயா, அந்தக் காலம் நம் நாட்டில் எப்போது வரும்?” பனி உருகிப் பூப்பூக்கின்ற வசந்தம் நமக்கு இல்லைதான். ஆனால் கித்தாக் காட்டின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை ஒத்த ஒரு காலத்தைக் கையால் சுட்டிக் காட்டிவிடலாம். தை மாதம் பிறந்து சில வாரங்களில் மரத்தில் இலை பழுத்துச் சிவந்து உதிரத் தொடங்குகிறது. மாசியில் காடு மொட்டையாக நிற்கிறது. காலடியில் சருகு மெத்தைபோல் கிடக்கிறது. பிறகு செம்பழுப்பு நிறத்தில் துளிர் விட்டு, பங்குனி முடிவதற்குள் மரம் பச்சை கட்டிக்கொள்கிறது. அதன் பின்னால் சித்திரை மழை இறங்குகிறது. நம்முடைய நடவுக் காலம் அதுதான்.

அந்தக் காலம் பால் வெட்டும் குடும்பங்களுக்கு இன்னொரு வகையிலும் நன்கு தெரிந்த காலம். மரம் தான் சேர்த்து வைத்த உணவையெல்லாம் புதுத் துளிருக்குச் செலவிடுவதால் பால் குறைகிறது. பால் குறைந்தால் கைக்கு வரும் வெள்ளியும் குறைகிறது. துளிர் முற்றிப் பால் ஏறத் தொடங்கும் வேளையில் மழை வந்துவிடும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் விழாமல் மரத்தில் வழிந்தோடும். இப்படி இரண்டு மெலிந்த காலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் தடிப்பதும் அப்போதுதான். இன்று பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. இருந்தாலும் குலை குறைகின்ற மாதமும், மழையால் காட்டுக்குள் இறங்க முடியாத நாளும் அங்கேயும் உண்டு.

இந்த மெலிந்த வாரங்களையே வீட்டுத் தோட்டத்தின் முதல் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நம்மில் பலர் மழை விழுந்த பிறகே சாங்குலைத் தேடுகிறோம். அப்போது மண் சேறாக இருக்கும், புல்லும் செழித்திருக்கும். அவசரத்தில் நாலு குழி பறித்து விதையைப் போட்டுவிட்டு, மூன்றாம் வாரத்தில் செடி மஞ்சளானதும் “இந்த மண்ணில் ஒன்றும் வராது” என்று கைவிட்டுவிடுகிறோம். மண்ணைக் குறை கூறுவது சரியல்ல. அதற்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் நாம் செய்வதில்லை.

மேற்குக் கரையில், அதாவது கெடா, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்களில், ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்கு வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரியது ஒன்று. வடக்கே கெடாப் பக்கம் ஜனவரியும் பிப்ரவரியும் நன்றாகக் காயும். கிழக்குக் கரையில் கணக்கு வேறு. அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை, வெள்ளமும் வரும். ஆகவே பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் இருப்பவர்கள் வெள்ளம் வடிந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் விதைப்பதே நல்லது. அவர்கள் மண்ணைத் தயார் செய்யும்போது நான் கூறப்போகும் நாள்களைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் இடத்தைப் பற்றி. லயத்தின் பின்புறம் காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் தோட்டத்துக்கு ஏற்ற இடமாகிவிடாது. காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மாலை மூன்று மணிக்கும் அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். மூன்று வேளையில் இரண்டு வேளையாவது வெயில் விழவேண்டும். மாசியில் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அப்போது கித்தா மரம் இலையில்லாமல் நிற்பதால் வெயில் தாராளமாக விழும், சித்திரையில் அதே இடம் நிழலடித்துவிடும். பெரிய மரத்துக்கு அருகில் பாத்தி போட்டால் நாம் போடும் எருவை அதன் வேர் வந்து தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கழிவறைக் குழி, சாக்கடை ஆகியவற்றின் கீழ்ச் சரிவில் கீரை போட வேண்டாம். கொக்கிப் புழுவின் குஞ்சுகள் அப்படிப்பட்ட ஈர மண்ணிலிருந்துதான் வெறுங்காலின் வழியே உடலுக்குள் ஏறி, குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கின்றன. கீரை தின்று இரத்தம் ஊற வேண்டும் என்று நாம் தோட்டம் போட, இருக்கிற இரத்தத்தையும் புழுவுக்குக் கொடுத்துவிடலாகாது. சாங்குல் பிடிக்கும்போது பெரியவர்களும் பிள்ளைகளும் சப்பாத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

நிலம் நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்பதால், வேலையைத் தொடங்குமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேலி கட்டி, எரு போட்டு, செடி பூவெடுக்கும் சமயத்தில் ‘இங்கே வடிகால் வெட்டப் போகிறோம்’ என்று வந்து நின்றால் மனம் கசந்துபோகும்.

இனி மண். மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மண்ணைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

மாசி மாதத் தொடக்கத்தில் முதல் கொத்து. இடத்தில் லாலாங் புல் இருந்தால் பாராங்கால் மேலே சீவிவிட்டுப் போகாதீர்கள். அதன் உயிர் மண்ணுக்கடியில் வெள்ளைக் கயிறுபோல் ஓடும் கிழங்கில் இருக்கிறது. சாங்குலால் கொத்தும்போது அது துண்டு துண்டாகும். ஈரமான காலமாக இருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு புது லாலாங்காக முளைத்துவிடும். காய்ந்த காலத்தில் கொத்தினால்தான் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வெயிலில் போட்டுச் சுக்காய்க் காய வைக்க முடியும். மழைக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டியை உடைக்காமல் அப்படியே இரண்டு வாரம் வெயில் காய விடுங்கள். கிழங்கு பொறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். எங்கள் பள்ளித் தோட்டத்தில் யார் கிழங்கு நீளம் என்று அளந்து பார்ப்பார்கள். கணக்குப் பாடமும் நடந்துவிடும், புல்லும் ஒழிந்துவிடும்.

நம் தோட்ட மண்ணுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு. ஆண்டு முழுவதும் பெய்கிற பெருமழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மற்ற நல்ல சத்துகளையும் பன்னெடுங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மேட்டு நிலத்துச் செம்மண் இதனால் புளித்துக் கிடக்கிறது. புளித்த மண்ணில் அலுமினியம் என்ற உலோகச் சத்து கரைந்து வெளிப்பட்டு இளவேரைக் குட்டையாக்கிவிடுகிறது. நாம் போடும் உரத்திலுள்ள மணிச்சத்தையும் அந்த மண் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செடிக்குக் கொடுக்க மறுக்கிறது. கித்தாவும் செம்பனையும் புளிப்பைத் தாங்கும். மரவள்ளியும் ஓரளவு தாங்கும். கத்தரி, வெண்டை, கீரை ஆகியவற்றால் முடியாது. ‘அத்தனை பெரிய மரம் வளர்கிற மண்ணில் இந்தக் கீரை ஏன் வளரவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

மண் புளித்திருக்கிறதா என்று அறியக் கருவி தேவையில்லை. மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று அழைக்கும் ஊதாப் பூச் செடியும், மேட்டுச் சரிவுகளில் அடர்ந்து படரும் காட்டுப் பெரணியும் தாமாகவே தழைத்திருக்கும் இடம் புளித்த மண் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இதற்கு மருந்து சுண்ணாம்பு. செடிக் கடைகளில் ‘காப்போர்’ என்று கேட்டால் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் பொடியே போதும். நான்கடி அகலமும் பத்தடி நீளமும் உள்ள ஒரு பாத்திக்குக் குறிப்பால் டின்னால் இரண்டு டின் தூவி, மண்ணோடு நன்கு கிளறிவிட வேண்டும். வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பு காரம் மிக்கது. அதையானால் பாதி அளவுக்கு மேல் போடக் கூடாது. இன்னும் விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் சாம்பலே இந்த வேலையைச் செய்யும். நான்கு டின் தூவலாம். அது சுத்தமான விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையும் சாயம் பூசிய பலகையும் சேர்த்து எரித்த குப்பைச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள்.

சுண்ணாம்பு தன் வேலையைச் செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை எருவைச் சேர்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகி மூக்கைத் துளைக்கும் வாடையோடு பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய எருவாக இருந்தால் காசும் அதோடு பறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி நடுவில் சுண்ணாம்பு, பங்குனித் தொடக்கத்தில் எரு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

எரு விஷயத்தில் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பாத்திக்கு இரண்டு வாளி மக்கிய சாணம் வேண்டும். ‘மக்கிய’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணம் வேரைச் சுடும், புல் விதையையும் கொண்டு வரும். கோழி எரு இன்னும் சூடு. மக்கியதானாலும் அரை வாளி போதும். மாடும் கோழியும் இல்லாத வீட்டுக்கு என்ன வழி? கித்தாக் காடு உதிர்த்த சருகைச் சாக்கில் அள்ளி வாருங்கள். ஒரு சாண் உயரம் சருகு, அதன்மேல் அடுக்களைக் காய்கறித் தோலும் பச்சைப் புல்லும், கைப்பிடி சாணமோ பழைய தோட்ட மண்ணோ, பிறகு மீண்டும் சருகு என்று இடுப்பளவு குவித்து நனைத்து மூடி வையுங்கள். வாரம் ஒரு முறை புரட்டிவிட்டால் நம் நாட்டு வெப்பத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கறுத்து உதிர்ந்த மக்கு கிடைக்கும். தை கடைசியில் குவித்தால் பங்குனி கடைசியில் கையில் இருக்கும். இறைச்சி, மீன் கழிவை இதில் சேர்த்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சருகுக்குப் பதில் வேறு செல்வம் இருக்கிறது. ஆலையில் பழத்தை உதிர்த்த பின் மிஞ்சும் வெறுங்குலையைக் காட்டில் மரத்தடியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அனுமதி கேட்டு அதில் கொஞ்சம் கொண்டுவந்து, வாழையைச் சுற்றியும் பப்பாளியைச் சுற்றியும் ஒரே அடுக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், மெல்ல மக்கிச் சாம்பல் சத்தும் கொடுக்கும். ஒரே அடுக்கு என்பது முக்கியம். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு செம்பனையின் குருத்தைக் குடைவது. பிறகு நிர்வாகம் நம்மைக் கேள்வி கேட்கும், அது நியாயமாகவும் இருக்கும்.

எரு கலந்ததும் பாத்தியை உயர்த்துங்கள். சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி அந்த மண்ணைப் பாத்தியின் மேலேயே போட்டால் ஒரு சாண் உயரம் தானாக வந்துவிடும். அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இருபுறமும் நின்று கை நீட்டினால் நடுவரை எட்ட வேண்டும். மிதித்த மண்ணில் வேர் இறங்காது. சரிவான இடத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும். நீளவாக்கில் போட்டால் ஒரே மழையில் சுண்ணாம்பு, எரு, விதை எல்லாம் கீழ் வீட்டுக்காரரின் வாசலுக்குப் போய்ச் சேரும். பாத்தி தயாரானதும் சருகைப் பரப்பி மூடிவிடுங்கள். வெயிலால் மண் இறுகாமலும், முந்தி வருகிற மழையால் அடித்துப் போகாமலும் அது காக்கும்.

இனி எதை நடுவது என்று பார்ப்போம். ‘நாளைக்கே தோட்டம் விற்கப்பட்டு நம்மை வேறு இடத்துக்குப் போகச் சொன்னால், நட்டதெல்லாம் யாருக்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். இதை வீண் பேச்சென்று ஒதுக்க முடியாது. எத்தனையோ குடும்பங்கள் காய்த்த மாமரத்தையும் பலாமரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கின்றன. ஆகவே பயிரை அது எடுத்துக்கொள்ளும் காலத்தால் பிரித்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் பலன் தருவது, மூன்று நான்கு மாதத்தில் தருவது, ஓராண்டில் தருவது, அதற்கும் மேலே போவது. முதல் மூன்றை மண்ணில் நடலாம். கடைசி வகையில் கையோடு எடுத்துச் செல்லக்கூடியதை டின்னில் வளர்க்கலாம்.

ஒரு மாதப் பயிர் என்றால் கீரைதான். முளைக்கீரையும் தண்டுக்கீரையும் இருபத்தைந்து முப்பது நாளில் பறிக்கலாம். பாத்தி முழுவதும் ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு இரண்டடி நீளம் மட்டும் விதைத்து வந்தால், ஒரே வாரத்தில் தின்ன முடியாமல் கொட்டுவதும் அடுத்த வாரம் இல்லாமல் தவிப்பதும் இராது. கங்கோங்கைச் சந்தையில் வாங்கிய கட்டின் அடித்தண்டை ஈர மண்ணில் ஊன்றினாலே போதும். செக்கூர் மானிஸ் ஒரு முறை குச்சி நட்டால் பல மாதங்களுக்குப் பறிக்கலாம். அதைச் சமைத்துத்தான் உண்ண வேண்டும். உடல் மெலிவதற்கென்று அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்தவர்கள் தைவானில் 1990-களின் நடுவில் நுரையீரல் கெட்டு அவதிப்பட்டார்கள்.

கீரையைப் பற்றிப் பேசும்போது தாய்மார்களுக்கு ஒன்று கூற வேண்டும். கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் நம் உடல் அதை எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை. கீரையோடு எலுமிச்சையோ, கொய்யாவோ, பப்பாளியோ ஏதாவது ஒன்று அதே வேளையில் வயிற்றில் சேர்ந்தால் ஏற்பது கூடும். சோறு உண்ட கையோடு கடுந்தேநீர் குடித்தால் குறையும். காட்டிலிருந்து களைத்து வந்து சோறும் தேநீரும் சேர்த்து உண்ணும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்கள் மருந்தகத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்திவிடக் கூடாது.

அடுத்தது பயற்றங்காய். இளங்கித்தாக் காட்டிலும் செம்பனைக் கன்றுகளுக்கிடையிலும் நிலத்தை மூடிப் படரவிடும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. நிர்வாகம் காசு செலவழித்து அந்தக் கொடியை விதைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பயற்றங்காயும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே புதிதாகக் கொத்திய ஏழை மண்ணில் முதல் பயிராகப் பயற்றங்காயைப் போட்டு, காய்த்து முடிந்ததும் வேரைப் பிடுங்காமல் தண்டை மட்டும் அறுத்துவிட்டால், அடுத்து வரும் கத்தரிக்கு அந்த வேர் எருவாகும். ஏறக்குறைய ஐம்பது நாளில் காய் பறிக்கலாம். வெண்டைக்கும் அதே நாள் கணக்கு.

கத்தரியும் மிளகாயும் நேரே பாத்தியில் விதைக்கக் கூடாதவை. மார்ச் முதல் வாரத்தில், ஓட்டையிட்ட டின்னிலோ பழைய மரப் பெட்டியிலோ விதைத்துத் தாழ்வாரத்தில் வைத்தால் ஏப்ரலில் நாற்று நடும் பருவத்தில் இருக்கும். எறும்பு விதையைத் தூக்கிப்போகும். பெட்டியைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டு வையுங்கள். இவ்விரண்டையும் ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் நடாதீர்கள். பச்சையாக நின்ற செடி இரண்டே நாளில் வாடிச் சாகும் நோய் ஒன்று மண்ணிலேயே தங்கி இவற்றைத் தாக்கும். தக்காளிக்கும் அதே நோய்தான். தக்காளி விதை ஒன்றிரண்டு எல்லார் வீட்டிலும் முளைக்கும். ஆனால் தாழ்நிலத்தில் அது பாடுபட்ட அளவுக்குப் பலன் தருவது அபூர்வம். முட்டைக்கோசும் அப்படியே. அவற்றைக் கேமரன் மலைக்காரர்களிடமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பாகற்கொடி போடுபவர்கள் பிஞ்சு விரல் நீளம் ஆனதும் பழைய செய்தித்தாளைக் குழல்போல் சுருட்டி மாட்டிவிட்டால் பழ ஈ குத்தாது. கொய்யாவுக்கும் இதுவே வைத்தியம். மருந்து அடிக்கத் தேவையில்லை.

ஓராண்டுப் பயிரில் வாழையும் பப்பாளியும் நமக்குப் போதும். வாழைக்கன்று எடுக்கும்போது அகன்ற இலை விட்ட குட்டைக் கன்றை எடுக்காதீர்கள். ஈட்டிபோல் குறுகிய இலையும் தடித்த அடிக்கிழங்கும் உள்ள கன்றே வலுவாக வரும். துணி துவைக்கும் நீர் போய்ச் சேரும் இடத்தில் வாழையை வைக்கலாம். சவர்க்கார நீரை அது பொறுத்துக்கொள்ளும், கீரை பொறுக்காது. பிசாங் மாஸ் வகை பத்து மாத அளவில் குலை தள்ளி முற்றும்.

பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், இருபால் மரம் என்று மூன்று உண்டு. விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, நான்கு ஐந்து மாதத்தில் பூவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூ ஆண், வெட்டிவிடலாம். தண்டை ஒட்டித் தடித்த பூ பெண். அதைவிட மெலிந்து நீண்ட பூ இருபால் மரம். நீளப் பழம் தருவது அதுதான், அதை வைத்துக்கொள்ளுங்கள். பப்பாளியின் வேர் தேங்கிய நீரில் இரண்டு நாள் நின்றாலே அழுகும். மேடு கட்டித்தான் நட வேண்டும்.

முருங்கைக்கும் நீர் தேங்கக் கூடாது. மணிக்கட்டுத் தடிப்பில் மூன்று நான்கு அடிப் போத்தை, மழைக்கு முன்பே பங்குனியில் ஊன்றிவிடுங்கள். கறிவேப்பிலையையும் கஸ்தூரி எலுமிச்சையையும் பெரிய எண்ணெய் டின்னில், அடியில் ஓட்டையிட்டு வளர்க்கலாம். எலுமிச்சைக்குப் பதியன் கன்று வாங்கினால் விதைக் கன்றைவிட விரைவில் காய்க்கும். வீடு மாறும் நாளில் லாரியில் அவையும் ஏறும்.

மரவள்ளியை நான் சிறப்பித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்ட மக்கள் அதைத் தின்றே உயிர் பிழைத்த கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் நாம். 1974-இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, காலி நிலத்திலெல்லாம் காய்கறி போடச் சொன்னபோதும் வேலியோரம் முதலில் ஏறியது மரவள்ளிக் குச்சியாகத்தான் இருக்கும். தோலை நன்றாக உரித்து, வெட்டி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதை மட்டும் இளைய தலைமுறைக்குச் சொல்லி வையுங்கள். பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு.

நஞ்சு என்றதும் இதைவிட அவசரமான ஒன்றைக் கூற வேண்டும். தோட்டங்களில் புல்லுக்கு மருந்து அடிப்பவர்களில் பெண்கள் அதிகம். காலியான மருந்துக் கலன் பார்க்க உறுதியாக இருக்கும்; தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கும் என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அதைச் செடிக்கு நீர் ஊற்றவோ, நாற்று வளர்க்கவோ, குடிநீர் வைக்கவோ பயன்படுத்தக் கூடாது. மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, கிடங்கிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரை வாங்கக் கூடியது. அதற்கு மாற்று மருந்து இல்லை. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய கலன் எதுவும் கொட்டகை மூலையில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். மற்ற களைக்கொல்லிகள் இன்னும் பயன்பாட்டில் இருப்பதால், மருந்து அடிக்கும் சாலையோரத்திலிருந்து பாத்தியைத் தள்ளிப் போடுங்கள். மருந்து அடித்த உடையோடு கீரை பறிக்க வேண்டாம்.

டின், பீப்பாய், உடைந்த மங்கு ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும். நீர் சேர்க்கும் பீப்பாயைத் துணி கட்டி மூடுங்கள், மற்றவற்றைக் கவிழ்த்து வையுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுக் குஞ்சு கண்டால் அபராதம் உண்டு. அபராதத்தைவிட டெங்கிக் காய்ச்சல் கொடியது.

கடைசியாக, நடுகிற நாள். முதல் மழை பெய்த மறுநாளே ஓடிப்போய் நட வேண்டாம். மேலே நனைந்திருக்கும்; உள்ளே மண் சூடாகவே இருக்கும். இரண்டு மூன்று மழைக்குப் பின் சருகை விலக்கி விரலை மண்ணில் முழுதும் அழுத்திப் பாருங்கள். நுனிவரை குளிர்ச்சி தெரிந்தால் விதைக்கலாம். பயற்றை ஒரு விரற்கட்டை ஆழத்தில் குழிக்கு இரண்டாகப் போடுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே கையால் தடவிவிட்டால் போதும். நாற்றை மாலை நான்கு மணிக்கு மேல் நட்டு, மூன்று நாளைக்குப் பெரணி இலையையோ செம்பனை ஓலையையோ குத்தி நிழல் கொடுங்கள். கீரை மூன்றாம் வாரத்தில் நெருக்கமாகத் தெரியும். இடைச் செடிகளை வேரோடு பிடுங்கி, அன்றைக்கே பருப்போடு சேர்த்துக் கடைந்துவிடலாம். நன்றாக வளர்ந்த ஒரு தண்டையும், பயற்றில் இரண்டு மூன்று காயையும் பறிக்காமல் விட்டு முற்றிக் காயவிடுங்கள். அந்த விதையைச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் மூடி வைத்தால் ஐப்பசி மழைக்கு விதை வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை.